ஒற்றை யானையின் மேல் ஏற்றிய கதைகள்

யானையைப் பற்றி நம்மிடம் உள்ள நம்பிக்கைகளில் பாதி யாருக்கும் தீங்கு செய்யாதவை. தும்பிக்கைக்குள் எறும்பு புகுந்தால் யானை செத்துப்போகும் என்று பாட்டி சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையால் எந்த யானைக்கும் நட்டம் இல்லை. அந்த எறும்புக் கதையில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. கென்யாவின் சமவெளிகளில் ஒருவகை முள்மரம் வளர்கிறது. அதன் முட்களின் அடி, பந்துபோல் புடைத்து உள்ளே கூடாக இருக்கும். அந்தக் கூடுகளில் எறும்புகள் குடியிருக்கும். மரத்தை ஏதாவது தொட்டால் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து கடிக்கும். டாட் பாமர், ஜேக்கப் கோஹீன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த மரத்தின் கிளைகளை எறும்போடும் எறும்பை அகற்றியும் இளம் யானைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எறும்பு இல்லாத கிளையை யானைகள் விருப்பமாகத் தின்றன; எறும்பு உள்ளதை ஒதுக்கின. வழக்கமாக விரும்பித் தின்னும் வேறொரு மரத்தின் கிளையில் அதே எறும்புகளை ஏற்றிவைத்தபோது அதையும் தொடவில்லை. 2010இல் வெளியான ஆய்வு இது. யானையின் தோல் தடிமன்தான். ஆனால் தும்பிக்கையின் உட்புறம் மெல்லிய சவ்வு, நரம்புகள் நிறைந்தது. எறும்பு யானையைக் கொல்வதில்லை. ஒரு மரத்தை யானையிடமிருந்து காப்பாற்றும் அளவுக்கு வலிக்கக் கடிக்கும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவு எவ்வளவு பெரியது என்பது 2024இல் தெரிந்தது. வெளியிலிருந்து வந்து பரவிய பெருந்தலை எறும்புகள் உள்ளூர்க் காவல் எறும்புகளைக் கொன்று தீர்த்த இடங்களில் யானைகள் முள்மரங்களை ஒடித்துத் தள்ளின. மரங்கள் குறைந்து வெளி திறந்தது. மறைந்திருந்து பாய இடமில்லாமல் சிங்கங்களுக்கு வரிக்குதிரை வேட்டை கடினமானது. அவை காட்டெருமைகளின் பக்கம் திரும்பின.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பதும் அந்த எறும்புக் கதையைப் போலத்தான். கெடுதலைத் தானே தேடிக்கொள்பவனுக்கு இதை உவமை சொல்கிறோம். உடல் முழுக்க வியர்த்துக் குளிரும் வசதி யானைக்கு இல்லை. தண்ணீரும் சேறும் மண்ணும்தான் வெயிலிலிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் அதற்குப் பாதுகாப்பு. ஆப்பிரிக்க யானையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் வலைபோல ஓடுகின்றன. அவை சமதளமான தோலைவிட 5 முதல் 10 மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் என்று 2018இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானை தன்னைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறது.

எறும்பு, மண் போன்ற நம்பிக்கைகளை இத்தோடு விட்டுவிடலாம். இந்த அத்தியாயம் வேறு மூன்று நம்பிக்கைகளைப் பற்றியது. அவை மூன்றும் சேர்ந்தே வரும். ஊருக்குள் ஒரு யானை வந்துவிட்டால் மறுநாள் செய்தியில் “ஒற்றைக் காட்டு யானை அட்டகாசம்” என்று போடுவார்கள். டீக்கடையில் அதற்கு விளக்கம் சொல்வார்கள். கூட்டத்திலிருந்து விரட்டப்பட்ட யானை, அந்தக் கோபம். மதம் பிடித்திருக்கிறது, அந்த வெறி. முன்பு எவனோ அடித்திருக்கிறான், அந்தப் பழி. கோபம், வெறி, பழி என்ற இந்த மூன்றையும் நம்பித்தான் மனு எழுதுகிறோம், மறியல் செய்கிறோம், யானையைப் பிடித்துக் கொண்டுபோகச் சொல்கிறோம். அதனால் இவற்றைச் சரிபார்க்காமல் விட முடியாது.

முதலில், விரட்டப்பட்டது என்ற கதை.

யானைக் கூட்டம் என்று நாம் பார்ப்பது தாய்மார்களும் மகள்களும் சிற்றன்னைகளும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம். அதில் பிறந்த ஆண் குட்டி பத்து வயதைத் தாண்டும்போது மெல்ல விலகத் தொடங்கும். முதலில் சில மணி நேரம் தள்ளி நின்று மேயும். பிறகு சில நாள் காணாமல் போய்த் திரும்பும். பதினைந்து வயதுவாக்கில் பெரும்பாலும் தனியே போய்விடும். தொல்லை கொடுக்கும் இளங்காளையைப் பெண் யானைகள் தள்ளிவிடுவதும் உண்டு. ஆனால் இது தண்டனை அல்ல. எல்லா ஆண் யானைகளின் வாழ்க்கையும் இப்படித்தான் போகிறது. காட்டில் தனியே நிற்கும் ஆண் யானை, இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டிய விதத்தில் இருக்கிறது. அதன் முகத்தில் நாம் எழுதிவைத்த ஏக்கமும் ஆத்திரமும் நம்முடையவை.

வெளியே வந்த இளங்காளை எப்போதும் தனியாகவும் இருப்பதில்லை. இதற்கு நல்ல சாட்சி ஓசூர்ப் பக்கம். பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி, சானமாவு வழியாக ராகி விளையும் ஊர்களுக்கு யானைகள் வருவது அங்கே எல்லோருக்கும் தெரியும். நிஷாந்த் சீனிவாசையாவும் உடன் ஆய்வாளர்களும் தென்னிந்தியாவின் இந்தப் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களை வைத்து ஒவ்வொரு யானையையும் காது மடிப்பு, தந்தம், வால் மயிர் என்று அடையாளம் கண்டார்கள். 2019இல் முடிவை வெளியிட்டார்கள். விளைநிலமும் ஊரும் கலந்த இடங்களில் இளம் ஆண் யானைகள், பெண் யானையே இல்லாமல், பெரிய கூட்டங்களாகச் சேர்ந்து நீண்ட காலம் ஒன்றாகவே திரிகின்றன. ஆசிய யானைகளிடம் இது முன்பு பதிவாகாத பழக்கம். ஆபத்து மிகுந்த இடத்தில், அனுபவப்பட்ட மூத்த ஆணின் பின்னால் இளையவை நடக்கின்றன. எந்த வயலில் காவல் உண்டு, எந்த ஏரியில் பகலைக் கழிக்கலாம், தார் சாலையை எப்போது கடக்கலாம் என்பதெல்லாம் அவை கற்றுக்கொள்ளவேண்டிய பாடங்கள்.

ஆண் யானை வயலுக்கு ஏன் வருகிறது என்பதற்கும் கோபம் தேவையில்லை. சத்தியமங்கலம் காடுகளில் 1980களில் வேலை செய்த ராமன் சுகுமார், மாதவ் காட்கிலோடு சேர்ந்து 1988இல் எழுதிய கட்டுரை இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. பயிருக்குள் இறங்குவதில் ஆண்கள் பெண்களைவிட வெகுவாக முன்னால் நிற்கின்றன. ராகியிலும் நெல்லிலும் காட்டுப் புல்லைவிடச் சத்து அதிகம். உடல் பெருத்த ஆணுக்குத்தான் இணை கிடைக்கும். ஆகவே உயிரைப் பணயம் வைத்துத் தின்பது ஆணுக்கு லாபம். குட்டியோடு இருக்கும் தாய்க்கு அந்தப் பணயம் கட்டாது. உழைத்துப் போட்ட ராகியை ஒரே இரவில் இழந்தவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஆனால் எதிரில் நிற்பது வெறி பிடித்த விலங்கு அல்ல, உணவின் மதிப்பை எடைபோடும் விலங்கு என்று தெரிந்தால் தடுக்கும் வழி மாறும்.

அடுத்தது மதம்.

மதம் பிடித்த ஆணை அருகிலிருந்து பார்த்த பாகன்கள் சொல்லும் அடையாளங்களை ஆய்வகமும் அப்படியே ஒத்துக்கொள்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே கன்னப்பொறி உப்பும். அதிலிருந்து எண்ணெய்ப்பசையான நீர் கசிந்து கன்னத்தில் கருங்கோடாக இறங்கி வாயோரம் வரை வரும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பின்னங்கால்களின் உட்புறம் ஈரமாகிப் புளித்த வாடை அடிக்கும். தலையை உயர்த்தி, காதை விரித்து நடக்கும். தீனி குறையும். இரத்தத்தில் ஆண்மைச் சுரப்பு வழக்கத்தைவிடப் பல பத்து மடங்கு ஏறியிருக்கும். இது நோய் அல்ல. நன்றாகத் தின்று தேறிய, வயது வந்த ஆணுக்கு வருவது. மெலிந்த யானைக்கு மதம் சீக்கிரம் வற்றிவிடும். காட்டில் மதம் கொண்ட ஆண் தேடி அலைவது இணையை. மோதுவது அதே நிலையில் உள்ள இன்னொரு ஆணோடு. சங்கிலியில் கட்டிப்போட்டு, அலையவும் விடாமல், பக்கத்தில் மனிதர்களையும் நிறுத்தும்போதுதான் ஆபத்து பலமடங்காகிறது.

ஆசிய யானைக்கு மதம் வரும் என்பது இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் பாட்டுகளில் இருக்கிறது. ஆப்பிரிக்க யானைக்கும் அது உண்டு என்று அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது 1981இல்தான், ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் இருவரும் கென்யாவின் அம்போசெலியில் பார்த்து எழுதிய பிறகு. மதநீரில் வண்டு மொய்க்கும் என்ற சங்கப் புலவர்களின் காட்சியை வெறும் கற்பனை அலங்காரம் என்று ஒதுக்கியவர்கள் பலர். 2002இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூவர். அமெரிக்க வேதியியலாளர் ராஸ்முசென், யானை வளர்ப்பாளர் ரிடில், மூன்றாமவர் தமிழக வனத்துறையில் யானைகளுக்கு மருத்துவம் பார்த்தே வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. முதன்முதலாக மதம் வரும் இளங்காளையின் மதநீரில் தேனில் உள்ளவற்றை ஒத்த இனிய வாசனைப் பொருள்கள் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். வயது முதிர முதிர அந்த இனிமை போய் நெடி ஏறுகிறது. இளையதன் தேன்வாடை, “நான் இன்னும் சின்னவன், சண்டைக்கு வரவில்லை” என்று மூத்த ஆண்களுக்குச் சொல்லும் செய்தியாகலாம் என்பது அவர்கள் கருத்து. வண்டைப் பாடிய புலவர் ஏதோ ஓர் இளங்காளையை உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

நம் மரபறிவு இவ்வளவு கூர்மையாக இருந்தும் இன்றைய செய்தித்தாள் அதைத் தொலைத்துவிட்டது. கோயில் யானை பாகனைத் தாக்கினால் “யானைக்கு மதம் பிடித்தது” என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். ஆசியப் பெண் யானைகளுக்கு மதம் பிடிப்பதில்லை. கூட்டமாக வாழப் பிறந்த பெண் யானையைத் தனியே நிறுத்தி, கருங்கல் தரையில் ஆண்டுக்கணக்கில் கால் மாற்றி நிற்கவைத்து, வெடிச்சத்தத்துக்கு நடுவே நடத்தியபின் அது திரும்பினால், தேடவேண்டிய காரணம் அதன் பாதத்தில் இருக்கலாம், சங்கிலியில் இருக்கலாம், அதன் தனிமையில் இருக்கலாம். “மதம்” என்று எழுதியதும் அந்தத் தேடல் நின்றுபோகிறது. எனக்கு இந்தப் பிழைமீதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வருத்தம்.

மூத்த ஆண்கள் இருந்தால் இளையவற்றின் மதம் அடங்குகிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் பூங்காவில் ஒரு கதை நடந்தது. க்ரூகர் பூங்காவில் யானைகள் மிகுந்துவிட்டதாகச் சொல்லிப் பெரியவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். உயிரோடு விட்ட குட்டிகளை வேறு பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். பிலானெஸ்பெர்க்குக்கு வந்த குட்டிகள் மூத்த ஆண் ஒன்றைக்கூடப் பார்க்காமல் வளர்ந்தன. வழக்கமாக 25 வயதுக்கு மேல் வரவேண்டிய மதம் இவற்றுக்கு 20 வயதுக்கு முன்பே வந்தது, மாதக்கணக்கில் நீடித்தது. 1992 முதல் 1997 வரை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அவை குத்திக் கொன்றன. அவற்றைச் சுட்டுவிடலாம் என்ற யோசனைக்குப் பதிலாக, 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தன்னைவிடப் பெரிய ஆணின் முன்னால் நின்ற இளங்காளைகளின் மதம் குறைந்த காலத்திலேயே வற்றியது. காண்டாமிருகக் கொலைகள் நின்றன. ராப் ஸ்லோட்டோவும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் இதை வெளியிட்டார்கள்.

தந்தத்துக்காகக் கொல்பவன் தேடிக் கொல்வது பெரிய தந்தம் உள்ள மூத்த ஆணைத்தான். நம் காடுகளிலும் அப்படித்தான் நடந்தது. அப்படிப் போனவற்றோடு சேர்ந்து போனது என்ன என்று பிலானெஸ்பெர்க் காட்டுகிறது.

மூன்றாவது, பழி. தும்பிக்கையில் ஊசியால் குத்திய தையல்காரன்மேல் சேற்று நீரைப் பீய்ச்சிய யானையைப் பள்ளிக்கூடத்திலேயே சந்தித்துவிட்டோம். யானை மறக்காது, திரும்பி வந்து தீர்க்கும் என்பது அந்தக் கதை. இதில் மறக்காது என்ற பாதி பெருமளவு உண்மை. தீர்க்கும் என்ற பாதிக்குச் சான்று இல்லை.

அம்போசெலியில் மாசாய் இன மேய்ச்சல்காரர்களும் கம்பா இன உழவர்களும் வாழ்கிறார்கள். மாசாய் இளைஞர்கள் யானையை ஈட்டியால் குத்துவது உண்டு. கரேன் மெக்கோம்பும் கூட்டாளிகளும் இரு இனத்தவரையும் அவரவர் மொழியில் “அதோ பார், யானைக் கூட்டம் வருகிறது” என்று சொல்லவைத்துப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் யானைகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். மாசாய் ஆணின் குரல் கேட்டதும் யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு நெருங்கிக் கூடின, தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தன, சத்தமில்லாமல் பின்வாங்கின. கம்பா ஆணின் குரலுக்கு அவ்வளவு கலக்கம் இல்லை. மாசாய்ப் பெண்களின் குரலுக்கும் சிறுவர்களின் குரலுக்கும் இல்லை. 2014இல் வெளியான ஆய்வு இது. மொழி, பால், வயது மூன்றையும் குரலில் பிரித்தறிந்து யாரால் ஆபத்து என்று அவை கணித்திருந்தன. கணித்தபின் விலகின. யாரையும் தேடிப்போய்த் தாக்கவில்லை.

நினைவு எதற்குப் பயன்படுகிறது என்பதைத் தான்சானியாவின் தரங்கிரே பூங்கா இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 1993இல் அங்கே கடும் வறட்சி. ஒன்பது மாதங்களில், கண்காணிப்பில் இருந்த 81 குட்டிகளில் 16 செத்தன. மூன்று குலங்களில் இரண்டு பூங்காவை விட்டு வெளியேறின. அவற்றில் சாவு குறைவு. அங்கேயே தங்கிய குலம்தான் அதிகம் இழந்தது. வெளியேறிய குலங்களில் 1958 முதல் 1961 வரையிலான பெரும் வறட்சியைச் சிறுவயதில் கடந்திருக்கக்கூடிய முதிய பெண்கள் இருந்தன. தங்கிய குலத்தின் முதியவற்றை இடைப்பட்ட ஆண்டுகளில் தந்த வேட்டைக்காரர்கள் கொன்றிருந்தார்கள். ஒரு பாட்டி யானை முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த வழியை மறக்காததால் குட்டிகள் பிழைத்தன என்று எடுத்துக்கொள்ளப் போதிய காரணம் உண்டு.

இதே நினைவுதான் நம் தீர்வுகளைத் தோற்கடிக்கிறது. “பிடித்து அடர்ந்த காட்டில் விட்டுவிடுங்கள்” என்று கேட்கும்போது, காடு எதுவானாலும் யானைக்கு ஒன்றுதான் என்று நினைக்கிறோம். இலங்கையில் பிரித்விராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் அப்படி இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். சில பிடித்த இடத்துக்கே திரும்பின. சில எங்கும் தங்காமல் நெடுந்தூரம் அலைந்தன. விட்ட பகுதியிலேயே நிலைகொண்டவையும் உண்டு. மொத்தத்தில் மோதல் குறையவில்லை. புதிய ஊர்களுக்குப் பரவியது. யானைகளும் கூடுதலாகச் செத்தன. 2012இல் வெளிவந்த முடிவு இது.

ஏழு ஆண்டு கழித்துக் கோவையில் அதையே நேரில் பார்த்தோம். தடாகம் பகுதியில் மக்கள் சின்னத்தம்பி என்று பெயர் வைத்துப் பழகிய ஆண் யானையை 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து டாப்சிலிப் பகுதிக் காட்டில் விட்டார்கள். சில நாள்களில் அது காட்டை விட்டு இறங்கி உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாற்றில் கரோல் என்ற மரக்கூண்டில் அடைத்தார்கள். இப்போது அது கும்கி. 2023இல் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையைப் பெரியாறு காட்டில் விட, அது மே மாதம் கம்பம் நகரத் தெருவில் நடந்தது. மறுபடி பிடித்து, இன்னும் தெற்கே, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

வால்பாறையில் வேறு வழியில் யோசித்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு மிஞ்சியிருக்கும் அந்த மேட்டுநிலத்தில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் குழுவினரும் யானைகளால் மனிதர்கள் இறந்த ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒரே மாதிரி நடந்திருந்தன. பொழுது சாய்ந்தபின் பஸ்ஸிலிருந்து இறங்கி, விளக்கில்லாத தோட்டப் பாதையில் பாடிக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு, நடந்த தொழிலாளி, யானை அங்கே நிற்பது தெரியாமல் அருகே போய்விட்டார். கோபமும் இல்லை, மதமும் இல்லை, பழியும் இல்லை. இரண்டு பேருக்கும் அடுத்தவர் அங்கே இருப்பது தெரியவில்லை.

அதனால் தெரியப்படுத்தினார்கள். எந்த எஸ்டேட்டில், எந்த டிவிஷனில் இன்று யானை நிற்கிறது என்று 2011 முதல் கைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போனது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. மேடான இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். யானை அருகில் இருந்தால், கைபேசியிலிருந்து ஓர் அழைப்பு கொடுத்தாலே விளக்கு எரியும். தூரத்திலிருந்து தெரியும். அதை ஏற்றி அணைக்கும் பொறுப்பைத் தோட்டத் தொழிலாளர்களே எடுத்துக்கொண்டார்கள். மாலைப் பேருந்துகளில் யானை நிற்கும் இடத்தை அறிவித்தார்கள். வால்பாறையில் யானையால் நேரும் சாவுகள் குறைந்தன. யானைகளில் ஒன்றைக்கூட அதற்காகப் பிடிக்கவேண்டியிருக்கவில்லை.